கிளீனர் சீட்டில் கஸ்தூரி மேடம்

அன்று காலை நான் வேங்கிக்கால் பஸ்ஸில் படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். கலெக்டர் ஆபீஸ் நிறுத்தம் வரும் நேரத்தில் போன் அடித்தது. திரையில் கஸ்தூரி மேடம் என்று பெயர் வந்தது. லீவு சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "மேடம், இன்னிக்கு மட்டும் லீவு சொல்லிடாதீங்க" என்று எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பக்கம் பேசியது அவருடைய அண்ணன் ஏழுமலை. அவர் போனில் பேசி அதுவரை நான் கேட்டதே இல்லை.

"தம்பி, கஸ்தூரி போயிட்டா. காபி போட எழுந்தா. அடுப்பு பக்கத்துலயே உக்காந்துட்டா. டாக்டர் வந்து பாத்துட்டு போயிட்டாரு." பிறகு சொன்னார்: "சீக்கிரம் வாங்க. ஹால்ல எல்லாத்தையும் ஒதுக்கறாங்க. கம்ப்யூட்டரை மட்டும் யாரும் தொட வேணாம்னு சொல்லுங்க. நான் சொன்னா யாரும் கேக்க மாட்றாங்க."

தங்கை போன காலையில் ஒரு மனிதர் கம்ப்யூட்டரைப் பற்றிக் கவலைப்பட்டால் கேட்பவர்களுக்கு எப்படி இருக்கும்? அந்த வீட்டில் கூடியிருந்த உறவுக்காரர்கள் முகத்தைச் சுளித்ததில் தப்பில்லை. எனக்குப் பாதி புரிந்தது. மீதி புரிவதற்குக் காரியம் முடியும்வரை ஆனது.

நம் பாலிடெக்னிக் அலுவலகத்தில் கஸ்தூரி மேடம் கண்காணிப்பாளர். அவருக்கு அடுத்த மேசை என்னுடையது. அவரோடு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். குரல் பெரிது. கோபம் வந்தால் முதல்வர் அறைவரை கேட்கும். மதியம் தன் டப்பாவில் இருப்பதைப் பாதிப் பேருக்குக் கொடுத்துவிட்டு, "சாப்பிடவே விட மாட்றாங்கப்பா" என்று நம்மையே திட்டுவார். ஆனால் சாயங்காலம் பஸ் பிடித்து அடி அண்ணாமலை வீட்டுக்குப் போனபின் அவர் ஒரு லாரியில் கிளீனராக வேலை பார்த்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. அதை எழுத வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஏழுமலை அண்ணன் லாரி டிரைவர். மீசை முளைப்பதற்கு முன்னால் கிளீனராக ஏறி, பிறகு டிரைவராகி, கிருஷ்ணகிரி, சேலம், திண்டிவனம் என்று வருஷக்கணக்கில் ஓட்டியவர். ஒருநாள் சரக்கு இறக்கும்போது மூட்டை அடுக்கு சரிந்து இடுப்பின் மேல் விழுந்தது. அதற்குப் பிறகு கால்கள் இரண்டும் அசையவில்லை. அவர் மனைவி முன்பே தவறிவிட்டார். கஸ்தூரி மேடம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணனும் தங்கையும் அந்த வீட்டில் தங்கிவிட்டார்கள். ஒருநாள் அண்ணனைப் பார்க்க வந்த பழைய டிரைவர் ஒருவர், அட்டையில் லாரிப் படம் போட்டிருக்கிறதே என்று கடையில் பார்த்து ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு வட்டை வாங்கி வந்து கொடுத்தார். விண்டோஸில் ஓடும் பழைய விளையாட்டு. சரக்கு ஏற்ற வேண்டும், ஊர் ஊராக ஓட்ட வேண்டும், இறக்க வேண்டும். அவ்வளவுதான். யாரையும் சுட வேண்டியதில்லை, எதையும் வெடிக்க வேண்டியதில்லை. எனக்கு அது உப்பில்லாத சாப்பாடு மாதிரி இருந்தது. ஏழுமலை அண்ணனுக்கு அதுவே போதும் என்றிருந்தது.

அது ஏதோ வெளிநாடு. ரோட்டோரமெல்லாம் பனி. வண்டிகள் வலது பக்கம் ஓடும். "எல்லாப் பசங்களும் ராங் சைடுல வர்றானுங்க பாரு" என்று முதல் வாரம் முழுக்கத் திட்டிக்கொண்டே ஓட்டினாராம். வாயில் நுழையாத ஊர்ப் பெயர்களுக்கெல்லாம் அவரே பெயர் வைத்தார். ஒன்று செங்கம், ஒன்று போளூர், மலை மேலே இருந்த ஒன்று ஏலகிரி. வண்டிகள் நிற்கும் தலைமை ஊர் திருவண்ணாமலை. ஒரு லாரியில் ஆரம்பித்து, அந்த விளையாட்டுக்குள் நான்கைந்து லாரிக்கு முதலாளி ஆகிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் நம் நிர்வாகம் அலுவலகக் கம்ப்யூட்டர்களில் இருந்த விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டது. வைரஸ் தொல்லை தாங்க முடியவில்லை என்றார்கள். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பட்டன்கள் எல்லாம் இடம் மாறிக் கிடந்தன. மேடமும் முதலில் என்னோடு சேர்ந்து திட்டினார். பிறகு, எந்த நேரத்தில் என்று தெரியவில்லை, கட்சி மாறிவிட்டார். லினக்ஸ் நடுவில் ஹேங் ஆவதில்லை, வைரஸ் இல்லை, கேட்காமல் எதையும் செய்வதில்லை என்று போவோர் வருவோரிடமெல்லாம் பிரச்சாரம் செய்தார். அந்தப் பிரச்சாரத்தில் மாட்டாதவர் நம் அலுவலகத்தில் யாரும் இல்லை. கேன்டீன் மாஸ்டர்கூடத் தப்பவில்லை.

அந்த வேகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் போட உட்கார்ந்தார். அலுவலகக் கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்து வைத்தார். தவறிப்போன அண்ணியின் புகைப்படங்களை எடுத்து வைத்தார். உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாமா என்று அது கேட்டது. ஆமாம் என்று அழுத்தினார். லாரிகளை மறந்துவிட்டார்.

மறுநாள் அலுவலகத்தில் அவர் முகமே சரியில்லை. என்னவென்று கேட்டதற்குச் சொன்னார். "விளையாட்டுக்கெல்லாம் காப்பி எடுக்கணும்னு யாருக்கு மேடம் தோணும்? அண்ணன் கோவம் தீந்துடும், விடுங்க" என்றேன்.

"கோவப்பட்டிருந்தா பரவால்லையே குமரேசா. ஒரு வார்த்தை திட்டலை. 'போனா போவுது, விடு'ன்னாரு. கால் போனப்பவும் ஆஸ்பத்திரில இதையேதான் சொன்னாரு. அதான் பயமா இருக்கு."

பயம் நியாயமானதுதான். ஏழுமலை அண்ணன் ஹாலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். சாப்பாடு தன் அறையிலேயே என்றார். பிறகு ஒரு வேளை போதும் என்றார். சக்கர நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பாமல் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று மேடம் சொன்னார். இவ்வளவுக்கும் காரணம் ஒரு விளையாட்டா என்று நான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"உனக்கு அது வெளையாட்டு. அவருக்கு அது டூட்டி" என்றார்.

பழையபடி விண்டோஸையே போட்டுவிட்டால் என்ன என்று எல்லோரும்தான் கேட்டோம். மேடம் தேரடித் தெருக் கம்ப்யூட்டர் கடையில் விசாரித்தார். இப்போது வரும் விண்டோஸைப் போட்டால் இந்தப் பழைய பெட்டி மூச்சு வாங்கும், அந்தப் பழைய விளையாட்டும் அதில் திறக்காது என்றார்கள். லினக்ஸிலேயே விண்டோஸ் விளையாட்டுகளை நேராக ஓட வைக்கும் ஒரு வழி இருக்கிறதாம், அதையும் செய்து பார்த்தார். லாரி வந்தது, ரோடு வரவில்லை. லாரி வானத்தில் தொங்கியது. அதை அண்ணனிடம் காட்டாமல் அழித்துவிட்டார்.

அப்புறம்தான் விர்ச்சுவல் மெஷின் என்ற பேச்சு வந்தது. கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதாக ஏற்பாடு செய்து, அதற்குள் பழைய விண்டோஸைப் போட்டு, அதற்குள் விளையாட்டைப் போடுவது. எனக்குத் தலை சுற்றியது. மேடம் தன் பாணியில் விளக்கினார்.

"பௌர்ணமிக்கு நம்ம வீட்ல ரூம் விடறோம்ல, அதேதான். கிரிவலத்துக்கு வந்தவங்க ரூமுக்குள்ள அவங்க இஷ்டம். ஹாலுக்கு வரக் கூடாது, நம்ம சமையல்கட்டைத் தொடக் கூடாது. ஆனா தண்ணி, கரண்டு எல்லாம் நம்மளுது. ஜாஸ்தி குடுத்தா நமக்கு மூச்சு முட்டும். கம்மியா குடுத்தா அவங்க சண்டைக்கு வருவாங்க. லினக்ஸ் வீட்டுக்காரன், விண்டோஸ் வாடகைக்கு வந்தவன். அவ்ளோதான்."

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு அதை விளக்கியதில்லை, இன்றுவரை.

பழைய விண்டோஸ் வட்டு அலமாரியில் கிடைத்தது. ஆனால் அதைப் போடும்போது ஒரு நீளமான எண்ணைக் கேட்கும். அந்த எண் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிய சின்னச் சீட்டில் அச்சடித்திருந்தது. அங்கேதான் வினை. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மேடம் அந்தப் பெட்டிக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைப்பார். சமமாக, பளபளவென்று இருக்கிற இடம் வேறு எங்கும் இல்லாததால் அந்தச் சீட்டின் மேலேயே வைத்திருக்கிறார். வருஷா வருஷம். பழையதைத் துடைக்கக் கூடாது என்று வேறு ஒரு எண்ணம். சந்தனம் அடுக்கடுக்காகக் காய்ந்து ஒரு எழுத்தும் தெரியவில்லை.

தண்ணீர் பட்டால் அச்சு போய்விடும். பழைய பல்துலக்கியில் தேங்காயெண்ணெய் தொட்டு, ஒவ்வொரு எழுத்தாக வெளியே எடுத்தார். ஒரு எழுத்தைப் பார்ப்பார், சாமி படத்தைப் பார்ப்பார். "உனக்குப் பண்ணதுக்கு இதாடா கைம்மாறு?" என்று சாமியைக் கேட்டார். எட்டா பியா என்று ஓரிடத்தில் கடைசிவரை தெரியவில்லை. பின்னால் விண்டோஸைப் போடும்போது எட்டு போட்டார், ஏற்கவில்லை. பி போட்டார், கதவு திறந்தது. அடுத்த ஆயுத பூஜைக்குப் பெட்டியின் உச்சியில் பொட்டு வைத்தார். அந்தச் சீட்டின் மேல் கண்ணாடித் தாள் ஒட்டியிருந்ததை நானே பார்த்தேன்.

இந்த ஏற்பாட்டில் நான் செய்த ஒரே வேலை ஒரு பௌர்ணமி அன்று நடந்தது. விர்ச்சுவல் மெஷினுக்கான நிரலை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். பௌர்ணமியில் அடி அண்ணாமலை பக்கம் செல்போன் என்பது கையில் ஒரு கல். கூட்டம் அப்படி. எனவே அலுவலகத்திலேயே இறக்கிப் பென் டிரைவில் போட்டுக்கொண்டார். "நாளைக்குப் போய்ப் போட்டுக்கலாமே மேடம், பஸ்ஸும் இல்ல, ஆட்டோவும் விட மாட்டாங்க" என்றேன்.

"காலைல கிளம்பறப்ப ரூமுக்குள்ளேர்ந்து 'ஆச்சா?'ன்னு ஒரு வார்த்தை கேட்டாரு குமரேசா. அவரா கேட்டாரு. நாளைக்குள்ள மனசு மாறிட்டா?"

பென் டிரைவைக் கழுவித் துடைத்த ஊறுகாய் டப்பாவில் வைத்து, அந்த டப்பாவைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன். நம் அலுவலகம் இருக்கும் வேங்கிக்கால் பக்கத்திலிருந்து போனால் கிரிவலக் கூட்டத்துக்கு எதிர்த் திசையில்தான் நடக்க வேண்டும். எதிரே வந்தவர்கள் எல்லோரும் முறைத்தார்கள். ஒரு பெரியவர் நிறுத்தியே கேட்டுவிட்டார், மலையை இடமாகச் சுற்றலாமா என்று. "நாங்க சுத்தலீங்க, வீட்டுக்குப் போறோம். சாமிக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு மேடம் வேகத்தைக் கூட்டினார். எனக்கு மூச்சு வாங்கியது. அவருக்கு வாங்கியதாகத் தெரியவில்லை. என்னைவிட மூத்தவர் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

வீடு போய்ச் சேர்ந்து, நிரலைப் போட்டு, அதற்குள் விண்டோஸைப் போட்டு, அதற்குள் விளையாட்டைப் போட்டு முடித்தபோது திரையில் பனி பெய்யும் ரோடும் அதன் மேல் லாரியும் வந்தன. மேடம் அறைக் கதவைத் தட்டினார். ஏழுமலை அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஹாலுக்கு வந்தார். பார்த்தார். ஒரே ஒரு லாரி, அதுவும் பழசு. சேர்த்து வைத்த மற்றவை எல்லாம் போயே போய்விட்டன.

"மறுபடியும் கிளீனர்லேந்து ஆரம்பிக்கணுமா?" என்றார்.

"நீ டிரைவர்தான்ணா. கிளீனருக்கு நான் வர்றேன்" என்றார் மேடம்.

பச்சை நிறப் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றை இழுத்து அவருக்கு இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தார். ஏழுமலை அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த ஊர்ல கிளீனர் சீட்டு ரைட்ல" என்றார். மேடம் எழுந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வலப்பக்கம் போனார். அன்றிலிருந்து அதுதான் அவர் இடம்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. மவுஸ் சுட்டி உள்ளே போனால் வெளியே வராது, விண்டோஸ் பிடித்து வைத்துக்கொள்ளும். "வலது கண்ட்ரோல் பட்டனை அழுத்துண்ணா, விட்டுடுவான்" என்று சமையல்கட்டிலிருந்தே குரல் கொடுப்பார். சத்தம் தாமதமாக வந்தது. "போளூர்ல ஹாரன் அடிச்சா செங்கத்துல கேக்குது" என்று அண்ணன் கேலி செய்வார். ஏலகிரி ஏறும்போது படம் திக்கித் திணறும். மேடம் வீட்டுக்காரனுக்குக் கொஞ்சம் குறைத்து வாடகைக்காரனுக்குக் கொஞ்சம் கூட்டுவார், மறுநாள் மாற்றுவார். மூடப்போன வீடியோ கேம் கூடம் ஒன்றிலிருந்து ஸ்டியரிங் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதை மாட்டினால் லினக்ஸுக்குத் தெரிகிறது, உள்ளே இருக்கும் விண்டோஸுக்குத் தெரியவில்லை. ஸ்டியரிங்கை உள்ளே அனுப்பி வைக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கவே பல நாள் ஆனது. காலால் மிதிக்கும் வேலையை எல்லாம் கை விரல்களுக்கு மாற்றி வைத்தார்.

அந்த ஸ்டியரிங் வேலை செய்த முதல் நாள் நானும் அங்கே இருந்தேன். ஏழுமலை அண்ணன் இரண்டு கைகளையும் அதன் மேல் வைத்து, ஓட்டாமல், சும்மா இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு "சாப்பாடு இன்னா இன்னிக்கி?" என்று கேட்டார். மேடம் சமையல்கட்டுக்குள் போய் வெகுநேரம் வரவில்லை. நான் எட்டிப் பார்க்கவில்லை.

லாரிகளை அழித்த நாளிலிருந்து மேடத்துக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எதைத் தொடுவதற்கு முன்னாலும் இருப்பது இருந்தபடி ஒரு பதிவு எடுத்து வைப்பார். விர்ச்சுவல் மெஷினில் அதற்கென்றே ஒரு வசதி உண்டு, தப்பு நேர்ந்தால் பழைய நிலைக்குப் போய்விடலாம். மேடம் அதை நம் அலுவலக அலமாரிக்கும் கொண்டுவந்தார். "தொடறதுக்கு முன்ன போட்டோ எடு" என்று அவர் கத்தாத நாள் உண்டா? ஒருமுறை என் மேசையை ஒழுங்குபடுத்துகிறேன் என்று ஆரம்பித்து, முதலில் அதன் அலங்கோலத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு வேண்டும்போதெல்லாம் அதைக் காட்டி மிரட்டினார்.

அந்த லாரிக்காகக் கற்றுக்கொண்டது நமக்கும் உதவியது. உங்களுக்கு நினைவிருக்கும். டி.சி. அச்சடிக்கும் பழைய நிரல் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். லினக்ஸுக்கு மாறியபோது அது ஒருவருக்கும் நினைவில்லை. வேறு கல்லூரியில் சேர டி.சி. கேட்டுப் பிள்ளைகள் வராந்தாவில் நிற்கிறார்கள், சேர்க்கைக் கடைசி நாள் நெருங்குகிறது, நாங்கள் கையைப் பிசைகிறோம். மேடம் மூலையில் கிடந்த கம்ப்யூட்டர் ஒன்றில் விண்டோஸுக்கு ஒரு ரூம் போட்டார். மதியத்துக்குள் டி.சி. வர ஆரம்பித்தது. செயலாளர் கீழே இறங்கி வந்து, எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று வியந்து கேட்டார். "எங்கண்ணன் லாரிக்குப் போட்ட ரோடுங்க. உங்க வண்டியும் போவட்டும்" என்றார் மேடம். செயலாளர் அவர்கள் வீட்டில் லாரித் தொழில் என்று நினைத்துக்கொண்டார். இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய், இருவரும் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, சமைக்கும் நேரம் வந்ததும் நிறுத்துவார்கள். அந்த விளையாட்டு, வண்டி ஊர் போய்ச் சேர்ந்தால்தான் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். வழியில் விட்டால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். மேடம் அதற்கு வழி வைத்திருந்தார். விளையாட்டை மூடுவதில்லை. அது இருக்கும் விண்டோஸ் முழுவதையும் அப்படியே உறைய வைத்துவிட்டு, கம்ப்யூட்டரை அணைப்பார். மறுநாள் எழுப்பினால் லாரி நின்ற இடத்தில், நின்ற நொடியில் நிற்கும்.

இதில் ஏழுமலை அண்ணனுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஓரம் கட்டினால் இண்டிகேட்டர் போட வேண்டும். பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டாமா? அது விளையாட்டு, பின்னால் ஒருவரும் வருவதில்லை என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார். கொஞ்ச காலமாக அவருக்கு மணிக்கட்டில் வலி. வலிக்கிற நாட்களில் மேடமே ஓட்டினார். நன்றாகவே ஓட்டினார். ஆனால் நிறுத்தும்போது இண்டிகேட்டர் போட மறந்துவிடுவார். "போட்டியா?" என்று கேட்டால், திரும்பியே பார்க்காமல், "போட்டேன் போட்டேன்" என்பார். மறுநாள் திறந்தால் அது அணைந்திருக்கும். அண்ணன் திட்டுவார், தங்கை சிரிப்பார். இது அந்த வீட்டில் விளக்கேற்றுவது போல தினமும் நடந்தது.

அந்தக் காலையில் நான் அடி அண்ணாமலை போய்ச் சேர்ந்தபோது மேடத்தை ஹாலில் கிடத்த இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் மேசையை வெளியே தூக்கப் போன கைகளைத் தடுத்து, நானே வயர்களைக் கழற்றி, பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு ஏழுமலை அண்ணன் அறையில் கொண்டுபோய் வைத்தேன். முந்தின நாளே மேடம் உறைய வைத்துவிட்டு அணைத்திருந்தார், கழற்றினால் ஒன்றும் ஆகாது என்று அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். அதற்குப் பிறகுதான் அழுதார். நானும் அழுதேன்.

காரியம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். கம்ப்யூட்டர் நான் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. மேலே ஒரு துண்டு. வயர்கூட மாட்டவில்லை. நாற்காலி மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. சாப்பிட்ட தட்டில் பாதி மீதி.

"போட்டுப் பாக்கலையாண்ணா?" என்று கேட்டேன். கம்ப்யூட்டர் மேல் கிடந்த துண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கி எனக்குக் கை வலி. அவதான் ஓட்டினா. வாசல்ல யாரோ கூப்பிட்டாங்கன்னு நான் வெளிய போயிட்டேன். உள்ளேர்ந்து 'நிறுத்திட்டேன்ணா'ன்னா. இண்டிகேட்டர் போட்டியான்னு கேட்டேன். போட்டேன் போட்டேன்னா. எனக்கு இன்னா கோவமோ அன்னிக்கி. 'தெனம் தெனம் பொய் சொல்ற, உன் பேச்சை இனிமே நம்ப மாட்டேன்'ன்னு கத்திட்டேன். ஒண்ணும் சொல்லாம சோத்தைப் போட்டா. காலைல பாத்தா இல்ல." துண்டின் ஓரத்தை இழுத்து இழுத்து விட்டார். "தொறந்து பாத்து அது அணைஞ்சிருந்தா நான் சொன்னது சரின்னு ஆயிடும் தம்பி. அந்தச் சரி எனக்கு வேணாம். எரிஞ்சிக்கினு இருந்தா..."

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. உங்களுக்கே தெரியும், துக்க வீட்டில் நான் கடைசி வரிசையில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆள். "லோடு ஏத்தின வண்டிண்ணா. ரோட்ல எத்தினி நாள் நிக்கும்?" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். டிரைவரின் பார்வை அது. "அரிசி லோடு" என்றார். "செங்கம் தாண்டி நிக்குது." நாற்காலியை ஹால் பக்கம் திருப்பி, "எடு" என்றார்.

ஹாலில் பழைய இடத்தில் மேசையைப் போட்டு வயர்களை மாட்டினேன். லினக்ஸ் எழுந்தது. விர்ச்சுவல் மெஷின் பட்டியலில் ஒரே பெயர், லாரி என்று மேடம் எழுதி வைத்தது. அதை எழுப்பும் பட்டனுக்குப் பக்கத்திலேயே, உறைந்த நிலையைத் தூக்கிப் போட்டுவிடும் பட்டனும் இருக்கிறது. இதைத் தொட்டால் உன்னைத் தொலைத்துவிடுவேன் என்று ஒருமுறை மேடம் எனக்குக் காட்டியது. இரண்டையும் மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டு அழுத்தினேன். கோடு மெல்ல நகர்ந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

படம் வருவதற்கு முன்னால் சத்தம் வந்தது. எப்போதும் தாமதமாக வரும் சத்தம் அன்று முந்திக்கொண்டது. டிக், டிக், டிக்.

பிறகு ரோடு வந்தது. பனி. ஓரமாக, நேராக, அழகாக நிறுத்திய லாரி. உள்ளே மீட்டருக்குப் பக்கத்தில் வலது பக்கப் பச்சை அம்பு எரிந்து எரிந்து அணைந்தது.

"போட்டிருக்கா" என்றார் ஏழுமலை அண்ணன். மறுபடியும், "போட்டிருக்கா தம்பி. பொய் சொல்லலை" என்றார். சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் உடைந்து, துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன். லாரி டிக், டிக் என்று காத்துக்கொண்டிருந்தது.

அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்டியரிங்கில் கை வைத்தார். "ஏறு" என்றார் என்னிடம். பச்சை ஸ்டூலை எடுத்து வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தேன். "பாத்து சொல்லு." ரோட்டைப் பார்த்தேன். "வரலாம்ண்ணா" என்றேன். வண்டி ரோட்டில் ஏறியது. இண்டிகேட்டர் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. "அண்ணா, இண்டிகேட்டர்" என்றேன்.

"தெரியும். இருக்கட்டும்."

அவ்வளவு சட்டம் பேசும் மனிதர், வழி நெடுக அது எரிய எரிய ஓட்டினார். திருவண்ணாமலை போய் அரிசியை இறக்கிய பிறகுதான் அணைத்தார். அணைத்ததும் பசிக்கிறது என்றார்.

கஸ்தூரி மேடத்திடமிருந்து நமக்கெல்லாம் ஏதேதோ மிச்சம் இருக்கும். என்னிடம் இருப்பது அந்தப் பச்சை ஸ்டூல். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில்தான் உட்காருகிறேன். விர்ச்சுவல் மெஷின் அடம் பிடித்தால், வாடகைக்காரனுக்கு எவ்வளவு கொடுப்பது என்று அவர் சொன்னதை நினைத்து நினைத்துச் சரிசெய்கிறேன். தொடுவதற்கு முன்னால் பதிவு எடுத்து வைக்கிறேன். அண்ணனுக்குக் கை வலிக்கும் நாட்களில் நானே ஓட்டுகிறேன், மோசமாகத்தான். ஓரம் கட்டும்போது சமையல்கட்டுப் பக்கமிருந்து அண்ணன் கேட்பார், "இண்டிகேட்டர் போட்டியா?" நான் திரும்பிப் பார்க்காமல், "போட்டேன் போட்டேன்" என்கிறேன். போட்டுவிட்டுத்தான் சொல்கிறேன், மேடம்.